பதினான்காம் வாரம்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 கனடாவில் இருப்பவர்களுக்குக் காலை, சிங்கப்பூரில் இரவு, இங்கே எசனில் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நேற்று எனக்கு இரவுப் பணி. நடுவில் கொட்டாவி விட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

வரலாறு பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வரலாறு படித்தவள் இல்லை, செவிலியர் பட்டயம் படித்தவள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு மருத்துவமனையின் எலும்புமுறிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த வரலாறு நோயாளியின் கோப்பில்தான் இருக்கிறது. அதனால் ஒரு கோப்பிலிருந்தே தொடங்குகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதியும் கேட்டுவிட்டேன்.

நான் எசனுக்கு வந்து இரண்டாம் ஆண்டு. ஒரு ஞாயிறு இரவு அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள், தமிழ் பேசும் ஒருவர் வந்திருக்கிறார், மொழிபெயர்க்க வர முடியுமா என்று. ஐம்பது வயதைத் தாண்டிய இலங்கைத் தமிழர். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. சட்டையில் எண்ணெய், கால்சட்டையில் சாம்பார் கொட்டிய கறை. பக்கத்தில் இன்னொருவர் நின்றிருந்தார். மருத்துவர் எங்கே, எப்படி விழுந்தார் என்று கேட்டார். இவர் என்னிடம் தமிழில், "கிடாரத்தைத் தூக்கேக்கை வழுக்கிப் போட்டுது" என்றார். அதற்குள் பக்கத்தில் நின்றவர் இருமினார். உடனே இவர், "தங்கச்சி, வேலையிடம் எண்டு சொல்லாதையும். வீட்டிலை விழுந்தது எண்டு சொல்லும்" என்றார். நான் அப்படியே சொன்னேன். மருத்துவர் அப்படியே எழுதினார். 'வீட்டில் விழுந்தார்.' ஜெர்மன் மொழியில் மூன்றே சொல்.

அந்த மூன்று சொல்லின் விலை எனக்கு அன்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் போன இடத்தில்தான் இந்த வரலாறு கிடைத்தது.

எசனைச் சுற்றியிருப்பது ரூர் பகுதி. நிலக்கரி, எஃகு. இங்கே சொல்ஃபராயின் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது, இப்போது அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பக்கத்து ஊர் போட்ரோப்பில் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன் நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மண்ணுக்கடியில் மனிதர்கள் கை கால் இழந்துகொண்டே இருந்தார்கள். 1871இல் ஒரு பொறுப்புச் சட்டம் வந்தது. சுரங்கத்திலோ தொழிற்சாலையிலோ அடிபட்டவன் இழப்பீடு கேட்கலாம், ஆனால் தவறு நிர்வாகத்துடையது என்று அவனே நிரூபிக்க வேண்டும். பாறை சரிந்து விழுந்த இருட்டில் யார் தவறு என்று யாரால் நிரூபிக்க முடியும்? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் மறுநாளும் அதே மேற்பார்வையாளரிடம் வேலைக்குப் போக வேண்டியவர்கள். முதலாளிகள் சிலர் தாங்களாகவே உதவி நிதி வைத்திருந்தார்கள். எசனின் க்ருப் நிறுவனத்தில் 1836லேயே அப்படி ஒன்று இருந்தது. ஆனால் அது முதலாளியின் மனத்தைச் சார்ந்தது.

பிஸ்மார்க் காலத்தில் வந்த 1884 ஜூலை 6ஆம் தேதி விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இதை மாற்றியது. சோஷலிஸ்டுகளின் கட்சியைத் தடை செய்துவிட்டு, அந்தக் கட்சி கேட்டதில் ஒரு பகுதியைத் தானே கொடுத்தார் அவர். அரசியல் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், சட்டத்தின் உள்ளடக்கம் பெரியது. தவறு யாருடையது என்ற கேள்வியே எடுக்கப்பட்டது. வேலையில் நடந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. சந்தா முழுவதும் முதலாளிகள் கட்ட வேண்டும். அவர்கள் தொழில்வாரியாகச் சேர்ந்து அமைத்த காப்பீட்டுச் சங்கங்களுக்கு நாக்கைச் சுளுக்க வைக்கும் ஒரு பெயர், பெரூஃப்ஸ்கெனோசென்ஷாஃப்ட். இங்கே எல்லோரும் 'பே-கே' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முழுதாக வேலை செய்ய முடியாமல் போனவருக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் விதவைக்கு 20 சதவீதம், பிள்ளை ஒவ்வொருவருக்கும் 15 சதவீதம், மொத்தம் 60ஐத் தாண்டக் கூடாது.

இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. செவிலியராக எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். முதல் 13 வாரம் அடிபட்டவரின் சிகிச்சை சாதாரண நோய்க்காப்பீட்டு நிதியின் பொறுப்பு. பே-கே பொறுப்பேற்பது பதினான்காம் வாரத்திலிருந்து. நோய்க்காப்பீட்டு நிதிக்குச் செலவைக் குறைப்பதில்தான் அக்கறை. அந்தத் தொழிலாளி முப்பது ஆண்டு கழித்து எப்படி நடப்பான் என்பது அதன் கணக்கில் வராது. பே-கேக்கு வரும், ஏனென்றால் பென்ஷன் கொடுக்கப்போவது அது. ஆனால் கோப்பு பே-கேயின் மேசைக்கு வரும்போது தொடை எலும்பு கோணலாகக் கூடி முடிந்திருக்கும், தோள் இறுகியிருக்கும், விரல்கள் மடங்கிப்போயிருக்கும். எலும்புமுறிவில் முதல் சில வாரம்தான் எல்லாம். எங்கள் பிரிவில் இருக்கும் எந்தப் பயிற்சி மாணவியும் இதைச் சொல்லுவாள்.

சுரங்கத் தொழிலின் பே-கே இதைக் கண்டுபிடித்துத் தானே ஒரு மருத்துவமனை கட்டியது. எசனிலிருந்து ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போஹும். நம் ஆட்கள் 'போகும்' என்றே சொல்லி, "ரயில் போகுமுக்குப் போகுமா?" என்று சிரிப்பார்கள். அந்த ஊரில் 1890இல் திறக்கப்பட்ட 'பெர்க்மான்ஸ்ஹைல்' விபத்துக் காயங்களுக்காகவே கட்டப்பட்ட உலகின் முதல் மருத்துவமனை என்று சொல்லப்படுகிறது. இன்றும் இயங்குகிறது, பல்கலைக்கழக மருத்துவமனையாக. 1892இல் சட்டத்தைத் திருத்தி, முதல் 13 வாரத்திலேயே சிகிச்சையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையை பே-கேக்குக் கொடுத்தார்கள். 1921இல் இன்னொரு படி. வேலையில் அடிபட்ட எவரும் முதலில் பே-கே அங்கீகரித்த ஒரு சிறப்பு மருத்துவரைக் கடந்துதான் போக வேண்டும் என்ற ஏற்பாடு. இன்றும் அந்த 'டி-மருத்துவர்' இருக்கிறார். அவர் எழுதும் முதல் அறிக்கைதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

இதுவரை கேட்டால் நல்ல கதை. தொழிலாளிகள் இதை நல்ல கதையாகப் பார்க்கவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர் செய்த உடற்பயிற்சி இயந்திரங்கள் அந்தக் கால விபத்து மருத்துவமனைகளில் வரிசையாக நின்றன. நெம்புகோல், எடைக்கல், சக்கரம். இறுகிய மூட்டை அதில் மாட்டி அசைப்பார்கள். பயனுள்ள கருவிகள்தான், இன்றைய இயன்முறை சிகிச்சைக் கூடங்களின் மூதாதைகள். ஆனால் தொழிலாளிகள் அந்த இடங்களுக்கு வைத்த பெயர் 'பென்ஷன் பிழியும் ஆலை'. மூட்டு கொஞ்சம் அசைந்தால் பென்ஷன் சதவீதம் குறையும். மருத்துவர் அளப்பது அவன் குணமாகிறானா என்பதற்காகவா, அவனுக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்பதற்காகவா? இரண்டும் ஒரே அளவுகோல், ஒரே படிவம். வலியைச் சொல்லிக் கத்தினால் நடிக்கிறான் என்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் தேறிவிட்டான் என்பார்கள்.

காயம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இன்னும் மோசம். பெர்லின் நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889இல், விபத்தின் அதிர்ச்சியே நடுக்கம், தூக்கமின்மை, செயலிழப்பை உண்டாக்கும் என்று எழுதினார். அதே ஆண்டில் காப்பீட்டு மேல்முறையீட்டு அமைப்பும் அதை ஏற்றது. பிறகு மருத்துவர்களே திரும்பினார்கள். நோய்க்குக் காரணம் விபத்து இல்லை, பென்ஷன் ஆசை என்றார்கள். அதற்குப் 'பென்ஷன் நரம்புநோய்' என்று ஒரு பெயரே இருந்தது. 1926இல் அந்த அமைப்பு தன் பழைய முடிவைக் கைவிட்டது. நுரையீரல் கதையும் இதற்குப் பக்கத்தில் நிற்பது. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் 1929இல் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் 'கடுமையான' என்ற அடைமொழியோடு. படிக்கட்டு ஏற மூச்சு வாங்கும், அது போதாது. 'கடுமையான' என்று ஒரு மருத்துவர் எழுத வேண்டும். அந்த ஒற்றைச் சொல்லுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர்!

சட்டம் உரிமை கொடுத்தாலும் அதைக் காகிதத்தில் கேட்க வேண்டுமே. ரூர் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் பலர் கிழக்கிலிருந்து வந்த போலிஷ் மொழிக்காரர்கள். 1899இல் சுரங்க நிர்வாகம் ஓர் ஆணை போட்டது. மேலதிகாரி சொல்வது புரியும் அளவுக்கு ஜெர்மன் தெரியாதவரைச் சுரங்கத்தில் வைக்கக் கூடாது. அதே ஆண்டு ஹெர்னெ நகரில் போலிஷ் தொழிலாளிகளின் பெரும் கலகம் வெடித்தது. மேலதிகாரியின் கட்டளையே சிரமமென்றால், மேல்முறையீட்டு மனுவை எப்படி எழுதுவது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்கள் வருகிறார்கள், மனு எழுதிக் கொடுத்தவர்கள். 1890இல் எசனில் கத்தோலிக்கர்கள் 'மக்கள் அலுவலகம்' ஒன்றைத் திறந்தார்கள். தொழிலாளி வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொல்வான், உள்ளே இருப்பவர் சட்டத்தின் மொழியில் எழுதிக் கொடுப்பார். 1894இல் நியூரென்பர்க்கில் தொழிற்சங்கங்கள் முதல் 'தொழிலாளர் செயலகத்தை'த் திறந்தன, பிறகு நகரம் நகரமாக அவை பரவின. 1902இல் போஹுமில் போலிஷ் தொழிலாளிகள் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள். பிரேமன் நகரச் செயலகத்தில் 1900இலிருந்து உட்கார்ந்து எழுதியவர் குதிரைச் சேணம் தைக்கும் தொழில் படித்தவர், பிரீட்ரிஷ் ஏபர்ட். அவர்தான் 1919இல் ஜெர்மன் குடியரசின் முதல் ஜனாதிபதி ஆனார். அவரை எதிர்த்து எழுதப்பட்டது நிறைய உண்டு, அதற்கெல்லாம் காரணமும் உண்டு. நான் நினைத்துப் பார்ப்பது அந்த மேசையைத்தான். எதிரே தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவன், அவனுடைய விரல்களில் ஒன்றோ இரண்டோ இல்லை.

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த மேசை வேறு. என் சித்தப்பா பனையேறி. நான் பள்ளியில் படிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. யாரிடமும் கூலிக்கு ஏறவில்லை, அதனால் எந்த இழப்பீட்டுச் சட்டமும் அவரைத் தொடவில்லை. மனு எழுதும் ஒரு தாத்தாவிடம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். 'சமூகத்துக்கு ஏழை அடியேன் தெண்டனிட்டு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்' என்று தொடங்கி, 'கருணை கூர்ந்து' என்று நான்கு இடத்தில் வந்தது. சித்தப்பா எப்படி விழுந்தார், என்ன முறிந்தது, என்ன சிகிச்சை வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. பதில் வரவில்லை. சபையில் காணிக்கை எடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள்.

வேலூர் என்றதும் ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். மேரி வர்கீஸ், கொச்சிக்காரர், சிஎம்சியில் மருத்துவர். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். அதில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு மையம் அவருடைய உழைப்பு. சித்தப்பா தானாகப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்றது அங்கேதான். ஆனால் அங்கே போவதற்கான பணம் காணிக்கைப் பையிலிருந்து வந்தது. அதற்கு நன்றி சொல்கிறேன், இன்றும் ஜெபத்தில் சொல்கிறேன். ஆனால் அடுத்த தெருவில் அதே போல் விழுந்த இன்னொருவருக்குச் சபை இல்லை, வேலூரும் இல்லை.

கூலிக்கு வேலை செய்பவர்களுக்கு இந்தியாவில் சட்டம் இருந்தது, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதன் பட்டியலைப் பார்த்தால் இறைச்சிக் கடை நினைவுக்கு வரும். கட்டைவிரல் போனால் 25 சதவீதம், ஒரு கண் 30, ஆள்காட்டி விரல் 10, மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. வலது கை முழங்கைக்கு மேல் போனால் 70, இடது கைக்கு 60. ஜெர்மானியர்களிடமும் சதவீதப் பட்டியல் உண்டு, அதில் நமக்கு மட்டும் வெட்கம் வேண்டாம். வித்தியாசம் வேறு இடத்தில். அந்த இந்தியச் சட்டத்தில் போன விரலுக்கு விலை இருந்தது, இருக்கும் கையைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் இல்லை. 1948இன் ஈஎஸ்ஐ சட்டத்துக்குள் வந்தவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது. மற்றவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டத்திலேயே மருத்துவச் செலவு சேர்ந்தது 2009இன் திருத்தத்தில்தான். 1923இலிருந்து எண்ணிப் பாருங்கள், 86 ஆண்டு.

சரி, எசன் அண்ணையிடம் திரும்புகிறேன். பதினோரு வாரம் கழித்து வெளிநோயாளர் பகுதியில் அவரைப் பார்த்தேன். மாவுக்கட்டு எடுத்திருந்தார்கள். கை வீங்கி, பளபளத்து, வியர்த்திருந்தது. சட்டைக்கை உரசினாலே எரிகிறது என்றார். ஹாம்பர்க் மருத்துவர் பால் சுதெக் 1900இல் விவரித்ததால் இங்கே இன்றும் 'சுதெக்' என்றே சொல்லும் நிலை. சீக்கிரம் பிடித்தால் பெருமளவு திரும்பும், விட்டால் கை இறுகிவிடும். நோய்க்காப்பீட்டில் அவருக்குக் கிடைத்தது ஒரு சீட்டுக்கு ஆறு முறை என்ற கணக்கில் இயன்முறை சிகிச்சை. விபத்து எப்படி நடந்தது என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய படிவத்திலும் 'வீட்டில்' என்றே நிரப்பியிருந்தார், பழைய பொய்யோடு ஒத்துப்போக வேண்டுமே! உணவகத்தில் பாதி நேரம் கணக்கில், மீதி கையில் காசு. அதனால்தான் அந்த இருமல். அதற்குள் வேலையும் போயிருந்தது.

அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது: கணக்கில் காட்டாத வேலையில் அடிபட்டாலும் தொழிலாளிக்குக் காப்பீடு உண்டு. முதலாளி சந்தா கட்டவில்லை என்பது முதலாளிக்கும் பே-கேக்கும் இடையிலான விஷயம். பதினோரு வாரமாக பே-கேக்கு இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. 1884இன் அந்த 13 வாரத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, சட்டம் இல்லாமலே திரும்ப உண்டாக்கி வைத்திருந்தோம்.

மருத்துவமனைச் சமூகசேவைப் பிரிவில் இருந்த ஒரு ஜெர்மன் அம்மாவிடம் போனேன். நானே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஏழைக் குடும்பம், இரண்டு பிள்ளைகள், மனமுவந்து உதவ வேண்டும். அந்தத் தாத்தாவின் மனுவை ஜெர்மனில் எழுதியிருக்கிறேன் என்பது அவர் சிவப்புப் பேனாவை எடுத்தபோதுதான் உறைத்தது. "இதில் யார் எங்கே விழுந்தார்?" என்று கேட்டார். பிறகு, "நீங்கள் தானம் கேட்கவில்லை" என்றார். சட்டப் புத்தகத்தின் ஏழாம் தொகுதி, முதல் பிரிவைக் காட்டினார். 1997இலிருந்து நடைமுறையில் இருப்பது. வேலை விபத்துக்குப் பிறகு உடல்நலத்தையும் வேலைத்திறனையும் 'பொருத்தமான எல்லா வழிகளாலும்' மீட்பது பே-கேயின் கடமை என்கிறது. நோய்க்காப்பீட்டில் இருக்கும் 'போதுமானது, தேவைக்கு மிஞ்சாதது' என்ற அளவு இங்கே இல்லை.

மறுபடி எழுதினோம். தேதி, நேரம், சமையலறைத் தரையில் எண்ணெய், 20 லிட்டர் கிடாரம், விழுந்த விதம். 'தாங்க முடியாத வலி' என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, மணிக்கட்டு எத்தனை பாகை மடங்குகிறது, பிடிமானம் எத்தனை கிலோ, இடது கையில் எத்தனை என்று போட்டோம். அவருடைய வேலைக்கு என்னென்ன அசைவு வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி. வெங்காயம் நறுக்குவது, கரண்டியால் கிளறுவது, பாத்திரம் கவிழ்ப்பது. கேட்பது என்ன: உள்நோயாளியாக மறுவாழ்வுச் சிகிச்சை, தினமும் இயன்முறை, கைக்கான எர்கோதெரபி, வலிச் சிகிச்சை. எவ்வளவு காலம், எதை எட்டினால் வெற்றி என்று எடுப்பது. வலி என்ற சொல் கடிதத்தில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. எனக்கு அது கல்நெஞ்சமாகத் தோன்றியது. பென்ஷன் பிழியும் ஆலையைப் பற்றிப் படித்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது: வலியைச் சந்தேகிக்க அவர்களுக்கு நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது, பாகையைச் சந்தேகிப்பது கடினம்.

கடைசியில் ஒன்று பாக்கி. முதல் அறிக்கையில் ஏன் 'வீட்டில்' என்று இருக்கிறது? அதற்கு நான் எழுத வேண்டியிருந்தது. அவர் தமிழில் வேலையிடம் என்றுதான் முதலில் சொன்னார், நான் மாற்றிச் சொன்னேன் என்று, பெயரும் கையெழுத்தும் போட்டு. என் வேலை போய்விடுமோ என்று மூன்று நாள் வைத்திருந்தேன். அவருடைய கைக்கு அந்த மூன்று நாளும் கணக்கில் சேரும். பிறகு பிரிவுத் தலைவியிடம் சொன்னேன். திட்டினார். நோயாளி சொல்வதை மாற்றாமல் சொல்வதுதான் மொழிபெயர்ப்பு என்று எனக்கு வகுப்பு எடுத்தார். நியாயம்தான். அத்தோடு விட்டுவிட்டார்.

பே-கே விசாரித்தது. பாத்திரம் கழுவும் வேலையில் இருந்த ஒரு பையன் பார்த்ததைச் சொன்னான், அவனுக்கு இழக்க நிறைய இருந்தும். விபத்து நடந்து ஐந்து மாதம் ஆனபிறகு ஏற்றுக்கொண்டார்கள். நான்கு வாரம் உள்நோயாளி மறுவாழ்வு, பிறகு வெளிநோயாளியாகத் தொடர்ச்சி. கையில் எரிச்சல் போனது. மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாக மடங்குவதில்லை. வேலைத்திறன் இழப்பு 20 சதவீதத்தை எட்டாததால் பென்ஷன் இல்லை. சமையலுக்கு அவர் திரும்பவில்லை, இப்போது ஒரு கிடங்கில் பொருள் சரிபார்க்கிறார். ஆகஸ்டில் கேவலார் மாதா திருவிழாவுக்குத் தமிழர்கள் கூடும்போது பார்ப்பேன். "தங்கச்சி, எப்பிடி இருக்கிறீர்?" என்று இடது கையை நீட்டுவார். முதல் பதினோரு வாரத்தில் அந்தச் சிகிச்சை கிடைத்திருந்தால் இரண்டு விரலும் மடங்கியிருக்குமா என்று கை மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டேன். சொல்ல முடியாது என்றார், ஆனால் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

இப்போது தமிழில் யாராவது வந்தால், கூட வந்தவரைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்கிறேன், எங்கே விழுந்தீர்கள் என்று.

நேரலையில் டோர்ட்முண்டிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: ஆறு வருடத்துக்கு முன் தன் கணவரும் இப்படித்தான் வீடு என்று சொல்லிவிட்டார், இனிச் செய்ய ஏதும் உண்டா? உண்டு அம்மா. வேலை விபத்து என்று அங்கீகரிக்கக் கேட்கும் உரிமை காலாவதி ஆவதில்லை, பின்னோக்கிக் கிடைக்கும் பணத்துக்குத்தான் நான்கு ஆண்டு எல்லை. ஏற்கெனவே மறுத்திருந்தாலும் மறுபரிசீலனை கேட்கலாம். புதிதாக மறுப்புக் கடிதம் வந்தால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுத வேண்டும், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். சமூக நீதிமன்றத்தில் உங்களுக்குக் கட்டணம் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் யாராவது இன்னும் தொடர்பில் இருக்கிறார்களா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.